சுவீடனில் குடியேறுவது எப்படி: எதை முதலில், எதை அடுத்து, எதை ஊரிலேயே முடிப்பது

சுவீடனிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் நம்மவர்கள் விசாரிப்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு ஜாக்கெட் விற்கிறார்கள். ஆளைத் திணறடிப்பது வேறு. நிலையான முகவரி இல்லாமல் அரசுப் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் அடையாள எண் இல்லை, எண் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் வங்கி சரியாகத் திறக்காது, வங்கி இல்லாமல் பேங்க்ஐடி என்ற மின் அடையாளம் இல்லை, பேங்க்ஐடி இல்லாமல் பார்சல் வாங்குவதுகூடப் பாடுதான். இந்தச் சங்கிலியில் தெரிந்தவரைப் பிடித்து ஒரு கண்ணியைத் தாண்ட வழியே கிடையாது. அதே நேரம், சரியான வரிசையில் போனால் எந்த அலுவலகத்திலும் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில், கணவன் மனைவி குழந்தையோடு வருபவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இலங்கையிலிருந்து வருபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளிலும் எண்ணை மையமாக வைத்த இதே ஏற்பாடுதான்; துறைகளின் பெயர்தான் மாறும். கட்டணங்களும் குடியேற்ற விதிகளும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

படி 1: விமானம் ஏறும் முன்

வேலை அனுமதி தருவது மிக்ரஷோன்ஸ்வெர்கெட் என்ற குடியேற்றத் துறை. விண்ணப்பத்தை நிறுவனம்தான் தொடங்கி வைக்கும். 2023 நவம்பரிலிருந்து சம்பளத்துக்கு ஒரு தரைவரம்பு வைத்திருக்கிறார்கள். நாட்டின் இடைநிலைச் சம்பளத்தில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று அது தொடங்கியது. ஐ.டி. வேலைக்கு வருபவர்களுக்கு இது பெரும்பாலும் தொல்லையில்லை. உணவகம், பராமரிப்பு வேலைகளுக்கு வருபவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பளத்தைவிட நான் அழுத்திச் சொல்வது காப்பீடுகளை. மருத்துவம், ஆயுள், பணியிட விபத்து, ஓய்வூதியம் என நான்கு காப்பீடுகளை நிறுவனம் உங்கள் பெயரில் முதல் நாளிலிருந்தே வைத்திருக்க வேண்டும். 2010களின் நடுவில், இவற்றில் ஏதோ ஒன்று சில மாதம் விடுபட்டது போன்ற சின்னத் தவறுக்காக நல்ல வேலையில் இருந்த பொறியாளர்களுக்கு அனுமதி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. தவறு நிறுவனத்துடையது, மூட்டை கட்டியது ஊழியர். 2017 டிசம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒட்டுமொத்தமாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு நிலைமை தளர்ந்தது. இருந்தாலும் சேருமுன்பே மனிதவளத் துறையிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்: நான்கு காப்பீடும் எந்தத் தேதியிலிருந்து? தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் உண்டா? கூட்டு ஒப்பந்தம் இருக்கும் நிறுவனம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது பெயர். இது நமக்கே உரிய தலைவலி. இனிஷியல் என்ற ஏற்பாடே இங்கே கிடையாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் கிளம்பும் முன்பே சரிசெய்து வாருங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால், அலுவலகத்தில் சிலர் உங்களை அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்; சிரித்துக்கொண்டே திருத்தலாம். அதைவிட முக்கியம், கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பது. அதனால் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் நீங்கள் ஒரே குடும்பம் என்பதற்குச் சாட்சி. அவற்றில் இருக்கும் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் 'எஸ். குமார்' என்றும் கடவுச்சீட்டில் 'குமார் சுப்பிரமணியன்' என்றும் இருந்தால் ஊரில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். சான்றிதழ்கள் ஆங்கிலத்தில், அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாடுகளும் ஏற்கும் அரசுச் சான்று) இருந்தால் நல்லது. திருமணத்தைப் பதிவு செய்யாமல் மண்டபப் பத்திரிகையோடு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய இன்னும் மூன்று வேலைகள். ஒன்று, பல். பெரியவர்களுக்குப் பல் சிகிச்சை இங்கே மருத்துவச் சலுகையில் அடங்காது. ரூட் கேனால் ஒன்றுக்கு ஆகும் செலவில் ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று நம்மவர்கள் புலம்புவதில் மிகை அதிகமில்லை. இரண்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை. மூன்று, வங்கி. வெளிநாட்டில் குடியிருக்கத் தொடங்கியபின் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது இந்திய விதி.

கூடவே, ஸ்டாக்ஹோமுக்கு வருபவர்கள் நகரின் வாடகை வீட்டு வரிசையில் உடனே பெயரைப் பதியுங்கள். ஏன் என்று வீட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

படி 2: முதல் வாரம், ஒரே வேலை: எண்

நாட்டின் மக்கள்தொகைப் பதிவேட்டை வைத்திருப்பது வரித்துறைதான். அதன் பெயர் ஸ்காட்டெவெர்கெட். ஓராண்டோ அதற்கு மேலோ தங்கப்போகிறவர்களை அங்கே பதிந்து பர்சோன்நும்மர் தருவார்கள். நம்மவர்கள் பேச்சில் இது 'பர்சனல் நம்பர்'. பிறந்த தேதி, அதோடு நான்கு இலக்கங்கள். 1947 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓராண்டுக்குக் குறைவாக வருபவர்களுக்கு ஒருங்கிணைப்பு எண் என்று வேறொன்று. அதை வைத்துக்கொண்டு பாதிக் கதவுகள்தான் திறக்கும். ஆகவே அனுமதியின் காலம் ஓராண்டுக்கு மேல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

படிவத்தை இணையத்தில் நிரப்பிவிட்டு அரசுச் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். குடும்பத்தில் எல்லோரும், கைக்குழந்தை உட்பட. கடவுச்சீட்டு, அனுமதி அட்டை, திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அசலாக எடுத்துப் போங்கள். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் டோக்கன் எடுத்து உட்கார வேண்டியதுதான். பிறகு சில வாரக் காத்திருப்பு.

எண் கடிதமாக வீட்டுக்கு வரும். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். சுவீடனில் தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, கதவில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துப் போடுகிறார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாக் குடும்பப் பெயர்களையும் ஒரு தாளில் அச்சடித்து அன்றைக்கே ஒட்டுங்கள். வேறொருவர் பெயரில் உள்ள வீட்டில் தங்கினால், பதிவுப் படிவத்தில் c/o (இன்னார் வீட்டில்) என்று அவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். நண்பரின் முகவரியைச் சும்மா கொடுத்துவிட்டு வேறிடத்தில் தங்குவது சட்டப்படி குற்றம்.

ஒரு செய்தி கேட்டால் திடுக்கிடுவீர்கள். உங்கள் முகவரி, பிறந்த நாள், யாரோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கலாம். வரித்துறைக்குப் போன் செய்து உங்கள் ஆண்டு வருமானத்தைக்கூடக் கேட்கலாம். அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்ற சட்டத்தை இவர்கள் 1766இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். எதிர்த்துப் பயனில்லை.

படி 3: அட்டை, வங்கி, பேங்க்ஐடி

எண் வந்ததும் வரித்துறையிடமே அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 400 குரோனர் (சுவீடனின் பணம்). அட்டை கைக்கு வந்தபின் வங்கிக்குப் போனால் கணக்கும் பேங்க்ஐடியும் ஒன்றாகவே கிடைக்கும். எண் வருவதற்கு முன்பும் அடிப்படைக் கணக்கு தரும் கடமை வங்கிகளுக்கு உண்டு. கிளையில் இழுத்தடித்தால் அந்த விதியைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

பேங்க்ஐடி என்பது வங்கிகள் சேர்ந்து 2003இல் தொடங்கிய மின் அடையாளம். மருத்துவர், பள்ளி, வரி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இதுதான் கையெழுத்து. 2012இல் வந்த ஸ்விஷ் நம்ம ஊர் ஜிபேயின் வேலையைச் செய்கிறது. ரொக்கத்தைப் பல கடைகள் வாங்குவதே இல்லை. யாராவது போனில் வங்கி அதிகாரி என்றோ போலீஸ் என்றோ சொல்லி பேங்க்ஐடியைத் திறக்கச் சொன்னால், பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது.

படி 4: வீடு

சுவீடனில் கடினமான படி இதுதான். மூன்று வகைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உரிமையாளரிடம் நேரடியாக, காலவரம்பின்றிப் பெறும் வாடகை முதல்கை. வாடகைக்காரரிடமோ, வீடு வைத்திருக்கும் தனிநபரிடமோ குறிப்பிட்ட காலத்துக்குப் பெறுவது இரண்டாம்கை. மூன்றாவது, குடியிருப்புச் சங்கத்தின் பங்கை விலைக்கு வாங்குவது. வாங்கியபிறகும் சங்கத்துக்கு மாதக் கட்டணம் உண்டு.

முதல்கை வீடு ஸ்டாக்ஹோமில் பொது வரிசையில் வருகிறது. 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம், ஆண்டுக்குச் சிறு கட்டணம். வீடு கிடைக்கச் சராசரியாக ஒன்பது பத்து ஆண்டுகள் ஆகின்றன. நகர மையம் என்றால் இன்னும் கூட. சிரிக்காதீர்கள். வரிசையில் உங்கள் நாட்கள் ஒவ்வொன்றாகச் சேருகின்றன, எந்தச் செல்வாக்கும் அதை மாற்றாது. புறநகரில், புதுக் கட்டடத்தில், வாடகை கூடுதலான வீடுகள் நான்கைந்து ஆண்டுகளில் சிக்குவதுண்டு. கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகச் சேர்ந்து வையுங்கள். யோத்தெபோரிக்கும் மால்மோவுக்கும் இதேபோல் தனித்தனி வரிசைகள் உண்டு. அங்கே காத்திருப்பு குறைவு.

அதுவரை இரண்டாம்கைதான். பிளாக்கெட், காசா போன்ற தளங்களில் தேடலாம். விளம்பரத்தில் 'இரண்டு அறை, சமையலறை' என்றால் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் என்று அர்த்தம். நம்ம ஊர்க் கணக்கில் அது சிங்கிள் பெட்ரூம். வாடகையில் வெப்பமும் தண்ணீரும் பெரும்பாலும் அடக்கம், மின்சாரம் தனி. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு குரோனர்கூட அனுப்பாதீர்கள். "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள்" என்று வந்தால் அது மோசடியேதான். இரண்டாம்கைக்கு விட உரிமையாளரின் அல்லது சங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அரசுப் பதிவு செய்துகொள்ளலாமா என்பதையும் முதல் பேச்சிலேயே கேளுங்கள். பதிவு வேண்டாம் என்கிற வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

குடிபுகுந்த அன்றே வீட்டுக் காப்பீடு எடுங்கள். மாதம் சில நூறு குரோனருக்குத் திருட்டு, தண்ணீர்க் கசிவு மட்டுமின்றி, வெளியூர்ப் பயணத்தின் முதல் 45 நாட்களுக்கான காப்பும் பெரும்பாலான திட்டங்களில் கிடைக்கிறது. ஊருக்குப் போகும்போது உதவும்.

அடுக்ககத்தில் துணி துவைக்கும் அறை பொதுவானது, பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளத்தில். சுவரில் ஒரு பலகை, அதில் தேதிகளும் நேரங்களும். உங்கள் வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை வேண்டிய நேரத்துக்கான துளையில் செருகித் திருப்பினால் அந்த மூன்று நான்கு மணி நேரம் உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகள் முதலில் போய்விடும். முடிந்ததும் உலர்த்தியின் வடிகட்டியிலிருக்கும் பஞ்சை எடுத்துப் போட்டு, சோப்புப் பெட்டியைத் துடைத்து, தரையைப் பெருக்கிவிட்டு வர வேண்டும். நேரம் தாண்டினாலோ பஞ்சை விட்டு வந்தாலோ யாரும் கதவைத் தட்டிச் சண்டை போட மாட்டார்கள். அடுத்த நாள் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதன் மரியாதையான மொழியில் இருக்கும் காரம் நம்ம ஊர்த் தெருச் சண்டைக்குக் குறைந்ததில்லை.

படி 5: சம்பளமும் வரியும்

சம்பளம் பெரும்பாலும் மாதம் 25ஆம் தேதி. உள்ளாட்சி வரி ஊரைப் பொறுத்து 29இலிருந்து 35 சதவீதம் வரை. ஆண்டுக்குச் சுமார் 6.4 லட்சம் குரோனரைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் கூடுதலாக 20 சதவீதம் மைய அரசு வரி. ஆஃபரில் இருக்கும் தொகையை அப்படியே ரூபாயாக்கி ஊரில் சொல்லிவிடாதீர்கள். கையில் வருவது கிட்டத்தட்ட முக்கால் பங்குதான், அதிகச் சம்பளத்தில் இன்னும் குறையும்.

உயர்நிலை வல்லுநர்களுக்கு ஒரு சலுகை உண்டு. சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு வரியே கிடையாது, ஏழு ஆண்டுகள் வரை. வேலையில் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் போனது போனதுதான். உங்கள் சம்பளம் வரம்புக்குள் வருமா என்று முதல் வாரத்திலேயே நிறுவனத்திடம் கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கை வரித்துறையே நிரப்பி அனுப்பிவிடும். வசந்தத்தில் பேங்க்ஐடியால் ஒப்புதல் கொடுத்தால் போதும். ஆனால் ஊரிலுள்ள வீட்டு வாடகை, வைப்பு வட்டி, மியூச்சுவல் ஃபண்டு லாபம் இவை அதில் இருக்காது. இங்கே குடியிருப்பவரின் உலக வருமானம் முழுவதும் இங்கே காட்டப்பட வேண்டியது. இரட்டை வரி வராமலிருக்க இந்தியாவோடு ஒப்பந்தம் இருக்கிறது. நீங்களே சேர்த்து எழுதுங்கள்.

விடுப்பு ஆண்டுக்குக் குறைந்தது 25 நாள், சட்டப்படி. கோடையில் தொடர்ந்து நான்கு வாரம் கேட்டுப் பெறலாம். ஜூலையில் நாடே காலியாகிவிடும். அந்த மாதத்தில் முக்கியமான காரியம் எதையும் திட்டமிடாதீர்கள். முதல் ஆண்டில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு எத்தனை என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். முன்கூட்டியே தரப்படும் விடுப்பு கடன் மாதிரி, சில ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் கழிப்பார்கள்.

தொழிற்சங்கம் என்றதும் கொடி, கோஷம் என்று நினைக்க வேண்டாம். இங்கே மேலாளரும் உறுப்பினர்தான். சட்டத்தில் குறைந்தபட்சக் கூலியே கிடையாது, எல்லாம் சங்கமும் முதலாளிகளும் பேசி முடிப்பது. சங்கத்திலும், ஆ-காசா எனப்படும் வேலையிழப்பு நிதியிலும் முதல் மாதமே சேருங்கள். ஆட்குறைப்புச் செய்தி வந்தபின் சேர்ந்து பயனில்லை, பலன் கிடைக்க உறுப்பினர் காலம் சேர்ந்திருக்க வேண்டும்.

படி 6: மருத்துவம்

பதிவு முடிந்த எல்லோருக்கும் மருத்துவக் காப்பு உண்டு, வேலையில்லாத துணைவருக்கும்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார மையத்தில் குடும்பமாகப் பதிந்துகொள்ளுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் 1177க்குப் போன். செவிலியர் கேட்டுவிட்டு எங்கே போவது என்று சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

ஒருமுறை பார்க்கச் சில நூறு குரோனர். பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் சுமார் 1,450 குரோனர் ஆனபின் மீதிக் காலத்துக்கு இலவசம். குழந்தைகளுக்கும் கர்ப்பகாலக் கவனிப்புக்கும் கட்டணம் இல்லை. ஊசி, ஆன்டிபயாட்டிக், ஸ்கேன் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காய்ச்சலுக்கு "ஆல்வெடோன் போட்டு, தண்ணீர் குடித்து, ஓய்வெடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆல்வெடோன் வேறொன்றுமில்லை, நம்ம பாரசிட்டமால். எத்தனை நாளாக, எவ்வளவு டிகிரி, என்ன மாறியது என்று எழுதி வைத்துக்கொண்டு சொன்னால் வேகமாகக் கவனிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கோ துணைவருக்கோ மொழி தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் குறிக்கும்போதே சொல்லலாம். ஆனால் விசிட்டராக வரும் பெற்றோர் இந்தக் காப்பில் அடங்க மாட்டார்கள், அவர்களுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம்.

படி 7: குழந்தைகள்

சமூகக் காப்பீட்டுத் துறையான ஃபோர்சாக்ரிங்ஸ்காசானில் குடும்பமாகப் பதிந்தால் குழந்தைக்கு மாதம் 1,250 குரோனர் வரும். இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் விடுப்பு. அதில் தலா 90 நாள் மற்றவருக்கு மாற்ற முடியாதது. அப்பா எடுக்காவிட்டால் அப்படியே கழிந்துபோகும். குழந்தையோடு வருபவர்களுக்கு நாட்கள் குறையும்: ஒரு வயது தாண்டி வந்தால் 200, இரண்டு தாண்டினால் 100. ஆகவே வந்த வாரமே பதியுங்கள்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டிலிருக்கலாம், சம்பளத்தில் சுமார் 80 சதவீதம் ஒரு வரம்புக்குள் அரசு தரும். இதற்காக மேலாளரிடம் தயங்கவே வேண்டாம். அவரே போன வாரம் அதற்காக வீட்டில் இருந்திருப்பார்.

மழலையர் பள்ளி ஒரு வயதிலிருந்து. விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் இடம் தருவது நகராட்சியின் கடமை. கட்டணம் குடும்ப வருமானத்தில் அதிகபட்சம் 3 சதவீதம், அதற்கும் மேல்வரம்பு உண்டு. முதல் ஓரிரு வாரம் பெற்றோரில் ஒருவர் கூடவே இருந்து பழக்க வேண்டும், அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பை விஷயத்தில் கஞ்சம் வேண்டாம்: ரப்பர் மழைக்கோட்டும் பேண்ட்டும், உள்ளே போட மெல்லிய கம்பளி, இரண்டு ஜோடி கையுறை, முழுநீளப் பனிச்சட்டை, பூட்ஸ், மாற்று உடை இரண்டு செட், எல்லாவற்றிலும் பெயர். மழையானாலும் பனியானாலும் குழந்தைகள் வெளியேதான். கைக்குழந்தைகளைப் போர்த்தி, தள்ளுவண்டியில் வெளியே தூங்கவைப்பதைப் பார்த்துப் பாட்டிகள் பதறுவார்கள். முன்பே சொல்லி வையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தையை அடிப்பது இங்கே குற்றம். 1979இல் இதைச் சட்டமாக்கிய முதல் நாடு சுவீடன். செல்லமாகத் தட்டுவது, காதைத் திருகுவது, அறையில் பூட்டுவது எதற்கும் விலக்கில்லை. குழந்தை பள்ளியில் சாதாரணமாகச் சொன்னாலும், சந்தேகம் எழுந்தால் சமூக நலத்துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. வீட்டுக்கு வரும் தாத்தா பாட்டிக்கும் இதை விளக்குங்கள்.

பள்ளியில் மதிய உணவு இலவசம். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வேண்டாம் என்றோ சைவம் என்றோ எழுதிக் கொடுத்தால் கவனமாகப் பின்பற்றுகிறார்கள். நமக்கு இன்னொரு நல்ல ஏற்பாடு: நகராட்சியில் குறைந்தது ஐந்து பிள்ளைகள் கேட்டு, ஆசிரியரும் கிடைத்தால், தாய்மொழிப் பாடமாகத் தமிழையே பள்ளி நடத்த வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நான்கு குடும்பங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். "வீட்டில்தான் பேசுகிறோமே" என்று விட்டுவிடுபவர்களின் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் தமிழில் கேட்டதற்கு சுவீடிஷில் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள்.

படி 8: குளிரும் இருட்டும் சமையலும்

டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான். மூன்று மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வடக்கே கிரூனாவில் சில வாரம் உதிப்பதே இல்லை. நம்மை வாட்டுவது குளிரைவிட இந்த இருட்டுதான், அதுவும் பனி விழாத நவம்பரில். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நடப்பது மருந்தைவிட மேல். வைட்டமின் டி அளவைச் சுகாதார மையத்தில் கேட்டுச் சரிபார்க்கலாம். நம் தோல் நிறத்துக்கு அது சீக்கிரம் குறையும். கோட்டில் ஒளிபிரதிபலிப்பான் மாட்டுங்கள், குழந்தைக்கும் கட்டாயம். நடைபாதையில் பனிக்கட்டி படியும்போது செருப்பில் மாட்டும் ஆணிப்பட்டை இருநூறு குரோனருக்குள் கிடைக்கும். இடுப்பெலும்பு அதைவிட விலை கூடியது. ஜூனில் நேர்மாறு, இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம். கறுப்புத் திரை வாங்குங்கள்.

வீட்டுக்குள் குளிர் கிடையாது, இருபது இருபத்தொரு டிகிரி. ஆனால் அது இட்லி மாவு புளிக்கப் போதாது. ஓவனை அணைத்து, உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை இரவு முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். தயிருக்கும் இதே வழி. ஓவனைச் சூடாக்கும் முன் உள்ளே மாவு இருக்கிறதா என்று பார்ப்பதை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். துவரம் பருப்பும் உளுந்தும் ஆசியக் கடைகளில், மைசூர் பருப்பு சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே. கறிவேப்பிலை கிடைக்கும்போது வாங்கி ஃப்ரீசரில் போடுவது இங்கே எல்லோர் வழக்கமும். தாளிக்கும்போது புகைக்கூண்டைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வரமிளகாய் வறுபட்டால் புகை எச்சரிக்கை மணி முதலில், பக்கத்து வீட்டார் இருமல் அடுத்து.

படி 9: மனிதர்களும் மொழியும்

அலுவலகத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தலைமை அதிகாரி உட்பட. 'சார்' வாயில் வந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் அடங்கும். காபி இடைவேளையைத் தவிர்க்காதீர்கள். வேலையைப் பற்றிய பாதி முடிவுகளும் மனிதர்களோடான அறிமுகமும் அங்கேதான். கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். வீட்டுக்கு அழைத்தால் சொன்ன நேரத்துக்கு, வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு. தேதியைவிட வார எண்ணில் பேசுவார்கள், "32ஆம் வாரம் சந்திப்போமா" என்று. போனில் காலண்டரை வார எண் காட்டும்படி இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் கிடைப்பது தாமதமாகும். பக்கத்து வீட்டாரின் மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்ற நினைப்பு அது. பழக்கம் பிறப்பது பாடகர் குழு, பேட்மின்டன் கிளப், பிள்ளைகளின் ஃபுட்பால் போன்ற இடங்களில். தமிழ்க் கூட்டத்துக்குள்ளேயே வார இறுதிகளைக் கழிப்பது சுகம்தான், ஆனால் ஐந்தாண்டு கழித்து ஒரு சுவீடிஷ் நண்பர்கூட இல்லாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுகத்தில் தங்கியவர்களே.

மொழி வகுப்பு நகராட்சியில் இலவசம். எண் வந்ததும் சேருங்கள். எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் சங்கக் கூட்டம், பள்ளிக் கடிதம், அடுத்த வேலை எல்லாம் சுவீடிஷில். குறிப்பாகத் துணைவருக்கு வேலை வேண்டுமென்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 10: ஓட்டுநர் உரிமம், அனுமதி, கிளம்பும் நாள்

இந்திய உரிமம் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டு வரைதான் செல்லும். மாற்றித் தர மாட்டார்கள், முதலிலிருந்து எழுதித்தான் வாங்க வேண்டும்: கண் பரிசோதனையும் அனுமதியும், ஆபத்துப் பயிற்சி இரண்டு (அதில் ஒன்று வழுக்கும் தளத்தில்), எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு. பத்து வருடம் சென்னையில் ஓட்டியவர்களும் இங்கே தோற்கிறார்கள். வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிடும் விதியும், தோள்மேல் திரும்பிப் பார்ப்பதும் கைவரும்வரை இரண்டு மூன்று வகுப்பாவது எடுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனிச் சூழல் இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம்.

அனுமதியைக் காலம் முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் சேமித்து வையுங்கள். வேலை போனால் வேறு வேலை தேட மூன்று மாதம் தருகிறார்கள். நிரந்தரக் குடியிருப்பு அனுமதி, குடிமகனாவது இரண்டின் விதிகளும் இறுகி வருகின்றன. பழையவர்கள் சொல்லும் ஆண்டுக் கணக்கை நம்ப வேண்டாம். சுவீடன் 2001 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. எனவே சுவீடிஷ் கடவுச்சீட்டு வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய், இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கான ஓ.சி.ஐ. அட்டைதான்.

ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே போவதாக இருந்தால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது வரித்துறையில் வெளியேறும் அறிவிப்பு கொடுங்கள், குழந்தைகள் பெயரையும் சேர்த்து. கொடுக்காவிட்டால் குழந்தைப்பணம் தொடர்ந்து வந்து, பின்னால் வட்டியில்லாமல் திரும்பிக் கேட்டாலும் தலைவலிதான். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று மாத நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்பத் தேதி குறியுங்கள். வங்கிக் கணக்கை மூட அவசரப்பட வேண்டாம். அடுத்த ஆண்டு வரித் தொகை திரும்பி வர வேண்டியிருக்கும், பேங்க்ஐடியும் அந்தக் கணக்கோடுதான். செலுத்திய பொது ஓய்வூதியம் உங்கள் பெயரிலேயே இருக்கும், வயது வந்ததும் எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். அதற்கு வேண்டிய எண் மாறாது, ஆகவே அடையாள அட்டையின் நகலையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் ஊரில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.